பொன்மணியக்கா அமுக்கிய பொத்தான்

பொன்மணியக்காவுக்கு ஆபீஸ் நாற்காலி கிடைத்தது 2006ஆம் வருடம் பங்குனியில். அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவள் பட்டாசுக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலை ஆறேகாலுக்கு வேன் வரும். ஆறு மணிக்கே அக்கா தூக்குச்சட்டியோடு வேப்பமரத்தடியில் நிற்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கழுத்து மடிப்பு வரை அலுமினியப் பொடி படிந்திருக்கும்.

பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. அவள் கை படுவேகம். அவள் கணவர் சோலைச்சாமி லாரியில் லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரே ஒருநாள் என் அப்பாவிடம், "இவ இருமுறதுல வீட்டுல பல்லி கூட தூங்க மாட்டேங்குது மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்துத் தூசி இனி இந்த உடம்புக்கு ஆகவே ஆகாது என்று சொல்லியிருந்தார். வேறு வேலை என்றால் எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தீக்குச்சிக் கம்பெனி, அங்கேயும் மருந்துதான்; இல்லையென்றால் கருவேல விறகு வெட்டு. அக்காவுக்கு இருந்த ஒரே வழி, கம்பெனிக்குள்ளேயே தூசி இல்லாத ஓர் இடத்துக்குப் போவது.

போனாள், தன் கண்ணின் கூர்மையால் போனாள். பத்தாம் வகுப்பு தேறியவள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முக்கால்வாசியும் பட்டாசுப் பெட்டியிலிருந்து வந்ததுதான். மருந்து அடைக்கிற ரூமில் கூட இருந்த பெண்கள் லேபிளைக் காட்டி "இதுல என்ன போட்டிருக்கு பொன்மணி?" என்று கேட்பார்கள். எழுத்துக் கூட்டி வாசித்துச் சொல்வாள். பெட்டியில் இருக்கும் எச்சரிக்கை வாசகம், சுவரில் சிவப்பாக எழுதியிருக்கும் பாதுகாப்பு விதி, எதையும் விடமாட்டாள். ஒரு சீசனில் பத்து சென்டிமீட்டர் கம்பி மத்தாப்புப் பெட்டியில் பதினைந்து சென்டிமீட்டர் லேபிளை ஒட்டி ஒரு முழு லோடு வண்டியில் ஏறிவிட்டது. போர்மேன் பார்த்தார், கணக்குப்பிள்ளை பார்த்தார், யாருக்கும் தட்டுப்படவில்லை. டீ குடிக்க வந்த அக்கா வண்டியைப் பார்த்து, "அண்ணே, பெட்டி ஒண்ணு சொல்லுது, உள்ள இருக்கது ஒண்ணு சொல்லுது" என்றாள். லோடு இறங்கியது. முதலாளி நவநீதகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டுப் பேர் கேட்டார். அதன் பிறகு அக்கா சிவகாசியில் டைப்ரைட்டிங் படித்து, லோயர் பாஸ் பண்ணி, ஆர்டர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே போட்டிருந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மருந்து ரூமில் பருத்திச் சேலை மட்டும்தான் கட்டலாம், செல்போன் கூடாது, கொலுசு கூடாது. ஆபீசுக்குப் போன முதல் நாள் அக்கா பச்சை நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு தெருவில் நடந்ததை நான் பார்த்தேன். "என்னக்கா, கல்யாண வீடா?" என்று கேட்டேன். "போலே, ஆபீசுக்கு" என்றாள். அந்த 'ஆபீசு'க்கு அவள் கொடுத்த அழுத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது.

எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா ஒரு தகரத்தில் 'இரா. புகழேந்தி, பி.எஸ்ஸி.' என்று எழுதி வாங்கி வந்து வாசலில் அடித்தார். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, இப்போதும் பெருமைதான். படித்து முடித்து வேலை இல்லாமல் இருந்த என்னை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனதும் அக்காதான். "எங்க தெருப் பையன் மொதலாளி. கம்ப்யூட்டரைப் பிரிச்சு மாட்டிருவான்" என்றாள். நான் அதுவரை ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்ததே கிடையாது. ஆனாலும் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளுக்கு முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.

அப்போது திருட்டு சாப்ட்வேர் வைத்திருப்பவர்களைப் பிடிக்க ஆள் வருகிறது என்று சிவகாசி அச்சாபீஸ்காரர்கள் மத்தியில் ஒரே பேச்சு. முதலாளி பயந்துபோயிருந்தார். நான் லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசும் வேண்டாம், திருட்டும் இல்லை என்றேன். "ஓசியாவும் இருக்கு, யோக்கியமாவும் இருக்கா? அப்ப மொதல்ல அதைப் போடு" என்றார். ஆர்டர் ஆபீசில் இருந்த லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்தேன். 2009 தையில் வைஃபையும் வந்தது. வடக்கேயிருந்து வருகிற ஏஜென்டுகள் லேப்டாப்போடு வருவார்கள், அவர்களுக்கு முன்னால் வயரை இழுத்துக்கொண்டு திரியக்கூடாது என்பது முதலாளியின் எண்ணம்.

ஆனால் லேப்டாப்பைத் திறந்ததும் பேரும் பாஸ்வேர்டும் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "என் ஆபீஸ்ல நான் உக்கார எவன்கிட்டய்யா பேரு சொல்லணும்?" என்றார். எனவே திறந்ததும் தானாக உள்ளே போகும்படி வைத்தேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

லினக்ஸில் கீரிங் என்று ஒன்று உண்டு. சாவிக்கொத்து மாதிரி. வைஃபை பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, யாரும் வாசிக்க முடியாதபடி மாற்றி, ஒரே பாஸ்வேர்டால் பூட்டி வைத்திருக்கும். நாம் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைந்தால், அதே பாஸ்வேர்டைக் கொண்டு கொத்தையும் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். தானாக நுழையும்படி வைத்துவிட்டாலோ கொத்து பூட்டியே கிடக்கும். வைஃபை இணைய வேண்டுமானால் கொத்தைத் திறக்க வேண்டும். அதனால் தினமும் காலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து கொத்தின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

முதலாளிக்கு எரிச்சலாக இருந்த அந்தப் பெட்டி அக்காவுக்குப் பிடித்திருந்தது. அந்த பாஸ்வேர்டை அவளையே வைக்கச் சொல்லி நான் திரும்பி நின்றுகொண்டேன். ஒற்றை விரலால் மெதுவாக அடித்தாள்.

"உனக்குக்கூடத் தெரியாதாலே?"

"எனக்கும் தெரியாது, மொதலாளிக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப சாவி எங்கிட்டதான் இருக்குன்னு சொல்லு" என்று சிரித்தாள். காலையில் அவள் வந்து உட்கார்ந்து கொத்தைத் திறந்தால்தான் ஆபீசுக்கு மெயில் வரும். கணக்குப்பிள்ளை சீனிவாசகம் வாசலில் நின்றுகொண்டு, "பொன்மணி வந்தாச்சா? கடையைத் திறக்கச் சொல்லு" என்று கிண்டலடிப்பார்.

சித்திரையில் ஒருநாள். நான் சூலக்கரைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள், விண்ணப்பம் கொடுக்கப் போனேன். சாத்தூர் தாண்டும்போது அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, ஜெய்ப்பூர் ஏஜென்ட் வந்து உக்காந்திருக்காரு. மொதலாளி லேப்டாப்பைத் தூக்கிட்டு விருந்தாளி ரூமுக்குப் போயிட்டாரு. பெட்டி வந்து கேட்டுருக்கு. அவருக்கு பாஸ்வேர்டு தெரியலை. ஆள் முன்னால மானம் போகுதுன்னு சத்தம் போடுதாரு. இனிமே இது கேக்கவே கூடாதுங்காரு. என்ன செய்ய?"

பஸ்ஸில் கூட்டம். பக்கத்து சீட்டில் வேட்டி கட்டிய பெரியவர், முன்னால் இரண்டு காலேஜ் பெண்கள். நான் கம்ப்யூட்டர் பேச்சு பேசுவது நாலு பேர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் என்கிரிப்ஷன் கீஸ்' எங்கே இருக்கிறது என்று சொன்னேன். கொத்தின் பேர் மேல் வலது பொத்தானை அமுக்கச் சொன்னேன். பழைய பாஸ்வேர்டை அடித்துவிட்டுப் புதியதற்கான கட்டத்தைக் காலியாகவே விடச் சொன்னேன்.

"ஒண்ணுமே அடிக்கக் கூடாதா?"

"ஒண்ணும் வேண்டாங்க்கா. ஓகே குடுங்க."

பிறகு எழுத்துக் கூட்டுகிற குரல் வந்தது. "தம்பி, இன்னொரு பெட்டி வந்திருக்கு. யூஸ்... அன்சேஃப்... ஸ்டோரேஜ். அன்சேஃப்ன்னு போட்டிருக்குலே. அமுக்கலாமா?"

"அமுக்குங்கக்கா."

"அன்சேஃப்ன்னா ஆபத்துல்லா? மேல வேற நாலு வரி போட்டிருக்கு. பைலைத் தொடுற ஆளுக எல்லாரும் பாக்கலாம்ங்கிற மாதிரி இருக்கு. நீ வந்து ஒருதரம் பாத்துட்டு..."

நான் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். "இது என்ன மருந்து ரூமாக்கா, வெடிக்கவா போகுது? கம்ப்யூட்டர் அப்படித்தான் பூச்சாண்டி காட்டும். நான் படிச்சவன் சொல்றேன்லா, அமுக்குங்க."

அமுக்கினாள். பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி என்ன படிச்சிருக்கீக?" என்று கேட்டார். சொன்னேன்.

சரியாகச் செய்திருந்தால் பத்து நிமிஷ வேலை அது. ஊருக்குத் திரும்பியதும் போய், வைஃபை இணைப்பில் 'எல்லாப் பயனருக்கும்' என்ற ஒரு டிக்கைப் போட்டிருந்தால் போதும். வைஃபை கொத்தைத் தேடாமல் தானாக இணைந்திருக்கும், கொத்துக்கும் மறுபடி ஒரு பாஸ்வேர்டு வைத்திருக்கலாம். அப்போது எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த மூன்று மாதம் கம்பெனியின் எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாமல், யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி அந்த லேப்டாப்பில் கிடந்தது. லேப்டாப் பாதி நேரம் விருந்தாளி ரூமிலேயே கிடந்தது. சீசன் நேரம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதைத் திறந்தார்கள்.

ஆடியில் தெரியவந்தது. எங்கள் கம்பெனி யாருக்கு என்ன விலை சொல்கிறது, எவ்வளவு தள்ளுபடி கொடுக்கிறது என்பதெல்லாம் இன்னொரு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் விலை அனுப்பிய மறுநாளே ஏஜென்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை போய்க்கொண்டிருந்தது. ஜெய்ப்பூர் ஆர்டர் போய்விட்டது. எவனோ எங்கள் மெயிலை எங்கோ உட்கார்ந்து தினமும் வாசித்துக்கொண்டிருந்தான். அது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

முதலாளி மதுரையிலிருந்து ஜெயச்சந்திரன் என்ற இன்ஜினியரை வரவழைத்தார். நானும் வந்து நிற்கவேண்டும் என்றார். அன்று எனக்கு அங்கே வேறொரு காரியமும் இருந்தது. சூலக்கரை வேலைக்கு அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள். சீனிவாசகம் அதை டைப் செய்து முதலாளியின் மேசையில் கையெழுத்துக்கு வைத்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து என் பேர் தெரிந்தது.

ஜெயச்சந்திரன் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தைத் திறந்தார். அது ஒன்றும் கேட்கவில்லை. மெயில் என்ற வரியை இரண்டு தட்டுத் தட்டி ஒரு டிக் போட்டார். புள்ளிகள் மறைந்து பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக நின்றது.

"என்னய்யா இது, அம்மணமா நிக்குது!" என்றார் முதலாளி.

"இது தானா இப்படி ஆகாது சார். யாரோ வேணும்னே காலி பாஸ்வேர்டு வச்சிருக்காங்க. ஆபத்துன்னு சிஸ்டம் கேட்டிருக்கும். அதுக்கு மேலயும் அமுக்கியிருக்காங்க."

முதலாளி திரும்பினார். "பொன்மணி, நீயா அமுக்குனே?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். "ஆமா மொதலாளி. நாந்தான் அமுக்குனேன்."

என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. முறை வரும்போது பேசப்போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். என் கையில் பிரிண்டர் வயர் ஒன்று இருந்தது. அதைச் சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அவளைச் சொல்லி என்ன செய்ய? இங்கிலீஷ் தெரிஞ்சவளா இருந்தா என்ன போட்டிருக்குன்னு வாசிச்சிருப்பா. மருந்து ரூம் ஆளைக் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சேன் பாரு, நாந்தான் முட்டாப்பய."

அந்த அறையில் வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

ஜெயச்சந்திரன் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார். தானாக நுழைவதை எடுத்தார். நுழையும் பாஸ்வேர்டையும் கொத்தின் பாஸ்வேர்டையும் ஒன்றாக வைத்தார். இனி ஒருதரம் கேட்டால் போதும், இரண்டும் திறக்கும் என்று முதலாளிக்கு விளக்கினார். முதலாளி மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். நான் கிளம்பும்போது என் சான்றில் கையெழுத்துப் போட்டு, "நல்லா இரு தம்பி" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை. "பழையபடி ரூமுக்கே போம்மா, உனக்குத் தெரிஞ்ச வேலை" என்றார். நாற்காலியில் அவர் தங்கை மகள் பிரீத்திகா வந்து உட்கார்ந்தாள். தூசி குறைந்த பேக்கிங்கில் ஆள் நிரம்பியிருந்தது. சீசன் உச்சம், மருந்து அடைக்கத்தான் கை வேண்டியிருந்தது. அக்காவின் கை வேகம் போர்மேனுக்கு மறந்திருக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. நான் சூலக்கரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஆபீசுல என்ன தப்பு பண்ணுனாளோ பாவம். நீ கூட இருந்து சொல்லிக்குடுத்திருக்கலாம்லா?" என்றாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவினேன்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போனேன். "சார், அன்னிக்கு அமுக்கச் சொன்னது நான்தான். போன்ல. பொன்மணியக்கா மேல தப்பே இல்லை" என்றேன்.

முதலாளி பேப்பரை மடித்தார். "அப்படியா?" என்றார். "சரி விடு. நீ சின்னப் பையன். பிரீத்திகா நல்லா பழகிட்டா. அவளை எழுப்பிட்டு இவளை உக்காரவச்சா வீட்டுல என் தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது? சீசன் முடியட்டும், பேக்கிங்ல எடம் பாப்போம்." உள்ளே பார்த்து, "தம்பிக்குக் காபி குடுங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வேப்பமரத்தடிக்குப் போனேன். அக்கா துவைத்து வெளுத்த பருத்திச் சேலையில் நின்றிருந்தாள். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் போனதை, சொன்னதை, அவர் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்கக்கா. எனக்காக நீங்க வாயைத் திறக்காம நின்னீக" என்றேன்.

"உனக்காகவா?" அக்கா இருமிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். "உனக்காக நான் ஏன்லே நிக்கேன்? என் பொழப்பு போற எடத்துல உனக்காக நிக்க நான் என்ன சாமியா? நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன். படிச்ச பையன், இந்தா வாயைத் திறப்பான், இந்தா திறப்பான்னு நின்னேன். நான் சொன்னா அவரு நம்புவாரா? நீ சொன்னாத்தான் நம்புவாரு."

வேன் வருகிற பக்கம் அக்கா ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேன்க்கா. தப்பு என் மேலதான்னு சொன்னேன்."

"அதை விடு. நான் வாசிச்சேன்னு சொன்னியா?"

"எதைக்கா?" என்றேன்.

"அன்சேஃப்ன்னு போட்டிருக்குன்னு உன்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன்லா. மேல இருந்த நாலு வரியையும் கூட்டிச் சொன்னேன்லா. அதைச் சொன்னியா? இங்கிலீஷ் தெரியாதவன்னு அம்புட்டுப் பேர் முன்னால சொன்னாரே. 'அவ வாசிச்சா மொதலாளி, வாசிச்சுட்டுத்தான் எங்கிட்ட கேட்டா'ன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

நான் சொல்லியிருக்கவில்லை. முந்தின இரவெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்தபோது, அப்படி ஒன்று சொல்ல இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. என் தப்பை நான் ஒப்புக்கொள்வதுதான் பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன். "இன்னிக்கே போய்ச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றாள். "இனிமே சொன்னா, நான் சொல்லச் சொன்னதா ஆகும்."

வேன் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்கா தூக்குச்சட்டியைக் கைமாற்றிக்கொண்டு, "நீங்க போங்க, ஆபீசுக்கு நேரமாகும்" என்றாள். அவள் என்னை நீங்க என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

உள்ளே இடமில்லை. ஒருத்தி நெருக்கி உட்கார்ந்து கொஞ்சம் வழிவிட்டாள். அக்கா ஏறி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.